அமெரிக்கா மறந்ததும் மறக்காததும்

குயின் இசைக்குழுவை அமெரிக்கா கைவிட்டதா என்று ரசிகர்களுக்குள் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் தீராத வழக்கு

அமெரிக்காவில் பேஸ்பால் திடலானாலும் பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி நடக்கும் சிற்றரங்கானாலும், உள்ளூர் அணி சற்றுத் தளர்கிற நேரத்தில் இருக்கைப் பலகைகளுக்கு அடியிலிருந்து ஓர் அதிர்வு கிளம்பிவிடும். கால் இரண்டு முறை தரையை மிதிக்கும், மூன்றாவது அடிக்குக் கைகள் தட்டும், நான்காவது அடி வெறுமையாக விடப்படும், மறுபடி கால் எழும். பாப்கார்ன் பொட்டலத்தை மடியில் இடுக்கிக்கொண்டிருக்கும் சிறுவனுக்கும் பக்கத்தில் இருக்கும் அவன் தாத்தாவுக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பதில்லை. இந்தத் தாளம் லண்டனைச் சேர்ந்த குயின் என்னும் ராக் இசைக்குழு 1977ஆம் ஆண்டு வெளியிட்ட 'வி வில் ராக் யூ' என்ற, இரண்டு நிமிடமே நீளும் பாட்டிலிருந்து வந்தது என்பதும், அதை எழுதியவர் பிரையன் மே என்னும் கிதார் கலைஞர் என்பதும் அந்தக் கூட்டத்தில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாததால் தாளம் பிசகுவதில்லை.

இந்த அளவுக்கு ஒரு நாட்டின் உடம்புக்குள் இறங்கிவிட்ட குழு, 1982 செப்டம்பர் 15 அன்று லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த இங்கில்வுட் நகரின் 'ஃபோரம்' அரங்கில் பாடியதற்குப் பிறகு, தன் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியுடன் அமெரிக்காவில் ஒரு கச்சேரிகூட நடத்தவில்லை. பத்து நாள் கழித்து நியூயார்க்கில் 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியதோடு அமெரிக்க மேடைக்கும் மெர்க்குரிக்கும் இருந்த உறவு முடிந்தது. அதன்பின் 1991 நவம்பர் 24 அன்று அவர் இறக்கும்வரை குழு வெளியிட்ட நான்கு ஸ்டூடியோ ஆல்பங்களில் மூன்று பிரிட்டனில் முதலிடத்தையும் ஒன்று இரண்டாமிடத்தையும் பிடித்தன. அமெரிக்கத் தரவரிசையில் அந்த நான்கில் ஒன்றுகூட முதல் இருபதுக்குள் நுழையவில்லை.

ரசிகர்களின் வழக்கு இங்கேதான் பிறக்கிறது. அமெரிக்கா குயினைக் கைவிட்டுவிட்டது என்பது ஒரு கட்சி. திடல்தோறும் ஒலிக்கும் பாட்டை வைத்திருக்கும் குழுவை யாரும் கைவிட்டதாகச் சொல்ல முடியாது என்பது எதிர்க்கட்சி. குழுதான் அமெரிக்காவைக் கைவிட்டது என்று சொல்லும் மூன்றாவது கட்சி எண்ணிக்கையில் சிறியதாயினும் ஆவணங்கள் அதன் பக்கமே அதிகம் சாய்கின்றன. மூவரும் ஒருவரையொருவர் வெல்ல முடியாமல் இருப்பதற்குக் காரணம், ஒரு குழுவுக்கு இருக்கும் புகழையும் அதன் பாட்டுக்கு இருக்கும் புகழையும் ஒரே சொல்லால் அழைப்பதுதான். இவ்விரண்டும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும் என்ற எண்ணம் பெரும்பாலான குழுக்களுக்குப் பொருந்தும். அமெரிக்காவில் குயினுக்குப் பொருந்தவில்லை.

ஊர் ஊராகப் பிடிக்க வேண்டிய நாடு

பிரிட்டனில் ஒரு பாட்டு வெற்றிபெற வேண்டுமென்றால் பிபிசியின் 'ரேடியோ 1' வானொலியிலும் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் இடம்பிடித்தால் ஏறத்தாழப் போதுமானதாக இருந்த காலம் அது. அமெரிக்காவில் அப்படி ஒரே வாசல் கிடையாது. ஆயிரக்கணக்கான தனியார் வானொலி நிலையங்கள், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இசை வகையை வரித்துக்கொண்டு, அந்த வகைக்குள் அடங்காத பாட்டைத் தள்ளிவிடும் வழக்கத்தில் ஊறியிருந்தன. ராக் ஆல்பங்களிலிருந்து மட்டுமே பாட்டு எடுக்கும் நிலையம் வேறு, முன்னணி நாற்பது பாட்டுகளைச் சுழற்றும் நிலையம் வேறு, கறுப்பின நேயர்களுக்கான நிலையம் வேறு. இவற்றை இணைக்கும் ஒரே கயிறு சுற்றுப்பயணம். ஒரு நகரத்தில் கச்சேரி நடந்தால்தான் அந்த நகரத்து வானொலி அந்த வாரம் அந்தக் குழுவின் பாட்டைப் போடும், பத்திரிகை எழுதும், கடைகள் இசைத்தட்டை முன்வரிசையில் அடுக்கும்.

குயின் இதைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது. 1974இல் மாட் தி ஹூப்பிள் என்ற குழுவுக்கு முன்னால் பாடும் துணைக்குழுவாக அமெரிக்கா சென்றபோது மேவுக்கு மஞ்சள் காமாலை கண்டு பயணம் பாதியில் நின்றது. 'பொஹீமியன் ராப்சடி' வெளிவந்த 1975இல், ஆறு நிமிடப் பாட்டை வானொலி தொடாது என்று இசைத்தட்டு நிறுவனத்தார் தயங்கிக்கொண்டிருக்க, லண்டன் அறிவிப்பாளர் கென்னி எவரெட் ஒரே வார இறுதியில் அதைப் பதினான்கு முறை ஒலிபரப்பினார். அதே பாட்டின் பிரதியொன்றைப் பெற்று அமெரிக்காவின் ஆர்கேஓ வானொலி நிலையங்களில் அவற்றின் பொறுப்பாளர் பால் ட்ரூ போடத் தொடங்கியதால், அங்கும் வெளியீட்டைத் தள்ளிப்போட முடியாமற்போயிற்று. பாட்டு பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது, அமெரிக்காவில் ஒன்பதாம் இடம் வரை வந்தது. 1977 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கை எட்டியபோது, கயிறு கையில் சிக்கிவிட்டதென்றே தோன்றியிருக்கும்.

உச்சம் 1980. எல்விஸ் பிரெஸ்லியின் சாயலில் மெர்க்குரி எழுதிய 'கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்' பிப்ரவரியிலும், பேஸ் கிதார் கலைஞர் ஜான் டீக்கன் எழுதிய 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' அக்டோபரிலும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. இரண்டாவது பாட்டின் கதை கூர்ந்து நோக்கத்தக்கது. டீக்கனின் பேஸ் ஓட்டம் 'சிக்' என்னும் கறுப்பின நடன இசைக்குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டிலிருந்து உரம் பெற்றது. தனிப்பாட்டாக வெளியிடும் எண்ணமே இல்லாதிருந்த குழுவினரிடம் அதை வெளியிடச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன். கறுப்பின நேயர்களுக்கான வானொலி நிலையங்கள் அதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டன, பாடுவது லண்டனைச் சேர்ந்த ராக் குழு என்பதே தெரியாமல் ரசித்தவர்களும் உண்டு. அதாவது, குயின் அமெரிக்காவில் பெற்ற பெருவெற்றிகளுள் ஒன்றிலேயே பாட்டு ஒரு வழியிலும் குழுவின் பெயர் வேறொரு வழியிலும் நடக்கத் தொடங்கிவிட்டன. இதை அன்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனிக்கத் தேவையும் இல்லை, வெற்றி வந்துகொண்டிருந்தது.

பெட்டிச் செய்தி: அமெரிக்க ஆல்பம் தரவரிசையில் குயின்

எ நைட் அட் தி ஆப்பரா, 1975 — 4
நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு, 1977 — 3
தி கேம், 1980 — 1
ஹாட் ஸ்பேஸ், 1982 — 22
தி வொர்க்ஸ், 1984 — 23
எ கைண்ட் ஆஃப் மேஜிக், 1986 — 46
தி மிராக்கிள், 1989 — 24
இன்யூவென்டோ, 1991 — 30

குழுவின் ஸ்டூடியோ ஆல்பங்களுள் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது 'தி கேம்' ஒன்றே.

மீசை, டிஸ்கோ, தரகர்

பெட்டியில் உள்ள எண்களை மேலிருந்து கீழாகப் படிப்பவருக்கு ஒன்று உடனே விளங்கும்: சரிவு 1984இல் தொடங்கவில்லை, 1982இலேயே தொடங்கிவிட்டது. ரசிகர்கள் சண்டையில் இந்த இரண்டு ஆண்டு வித்தியாசம் பெரும்பாலும் காணாமற்போகிறது.

'ஹாட் ஸ்பேஸ்' ஆல்பம் நடன இசைப் பக்கம் முழுதாகச் சாய்ந்தது. டிஸ்கோ எனப்படும் நடன அரங்க இசை கறுப்பினத்தவரும் ஒருபாலீர்ப்பாளரும் வளர்த்த இசை. அதன்மீது வெள்ளையின ராக் ரசிகர்களுக்கு மூண்டிருந்த எரிச்சலின் அளவை 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் திடலில் காண முடிந்தது. இரண்டு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளை ஒரு பெட்டியில் குவித்து வெடிவைத்துத் தகர்க்க, கூட்டம் திடலுக்குள் பாய்ந்து புல்தரையைப் பாழாக்க, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. இந்த மனநிலை நிலவிய நாட்டில், எழுபதுகளின் ஆல்பம் அட்டைகளில் சின்தசைஸர் பயன்படுத்தவில்லை என்று பெருமையாக அச்சிட்டு ராக் ரசிகர்களைச் சேர்த்திருந்த குழு, நடனத் தாளத்தோடும் சின்தசைஸரோடும் திரும்பி வந்தது. ஒரு பாட்டில் மன்னித்ததை ஓர் ஆல்பம் முழுவதிலும் மன்னிக்க அந்த ரசிகர்கள் ஆயத்தமாக இல்லை.

மெர்க்குரியின் தோற்றமும் இதோடு சேர்ந்துகொண்டது. நீண்ட கூந்தலை வெட்டி, மீசை வைத்து, தோல் உடை அணிந்து அவர் வந்த 1980ஆம் ஆண்டுப் பயணத்தில், மீசையை எடு என்று குறிப்பால் உணர்த்தும்படி ரசிகர்கள் மேடைமீது சவர பிளேடுகளை எறிந்தனர். அந்தத் தோற்றம் நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ நகரங்களின் ஒருபாலீர்ப்பு ஆண்களின் உடைநடையை ஒத்திருந்ததைக் கூட்டம் கண்டுகொண்டது. விமர்சகர்களின் பகை தனியாக இருந்துகொண்டிருந்தது. 'ஜாஸ்' ஆல்பத்துக்கு ரோலிங் ஸ்டோன் இதழ் 1979இல் எழுதிய மதிப்புரை, பாசிசச் சாயல் உடைய குழு என்று சாடும் அளவுக்குப் போனது. ஆனால் விமர்சகர்கள் திட்டிய ஆண்டுகளில்தான் ஆல்பங்கள் நன்கு விற்றன என்பதால் அந்தப் பகையை இந்த வழக்கில் சாட்சியாகச் சேர்க்க முடியாது.

இன்னொரு காரணம் இசைக்குச் சம்பந்தமில்லாதது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் பாட்டை வானொலியில் இடம்பெறச் செய்ய 'தனிநிலை விளம்பரதாரர்' என்ற பெயருடைய தரகர்களுக்குப் பணம் கொடுத்துவந்தன. நிலையங்களில் செல்வாக்குள்ள அந்தத் தரகர்களில் சிலர் வாங்கிய பணம் லஞ்சமாகக் கைமாறியது என்ற குற்றச்சாட்டு எண்பதுகளில் பெரிய விவகாரமாக வெடித்தது. 1984இல் எலெக்ட்ரா நிறுவனத்தை விட்டு கேப்பிட்டல் நிறுவனத்துக்கு மாறியிருந்த குயினின் 'ரேடியோ கா கா' பதினாறாம் இடம்வரை ஏறி நின்றுவிட்டதற்கு, நிறுவனத்துக்கும் தரகர்களுக்கும் இடையே மூண்ட இந்தப் பூசலே காரணம் என்று மே பல நேர்காணல்களில் கூறியிருக்கிறார். மெர்க்குரியின் உதவியாளர் ஒருவர் வானொலி நிலையத்தாரை அலட்சியமாக நடத்திப் பகைத்துக்கொண்டார் என்பதும் மேவின் வாதம். வானொலியைப் புகழ்ந்து பாடிய பாட்டு வானொலித் தரகால் முடங்கியது என்பது கொஞ்சம் அளவுக்கு மீறிய பொருத்தம்தான்.

குட்டைப் பாவாடையும் வேக்குவம் கிளீனரும்

ஆயினும் ரசிகர்களிடம் கேட்டால் முதலில் வரும் பதில் இவற்றில் எதுவுமன்று. 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' வீடியோ என்பார்கள். டேவிட் மாலட் இயக்கிய அந்த 1984ஆம் ஆண்டு வீடியோவில் மெர்க்குரி கறுப்புத் தோல் குட்டைப் பாவாடையும் இளஞ்சிவப்பு மேற்சட்டையும் அணிந்து, மீசையை மட்டும் மழிக்காமல், வேக்குவம் கிளீனரை ஓட்டியபடி வீடு பெருக்குவார். மே தலைமுடிச் சுருள்களோடு இரவு உடையில் எழுவார், டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லர் பள்ளிச் சிறுமியாக வருவார், டீக்கன் ஒரு கிழவியாக நாளிதழ் படிப்பார். பிரிட்டிஷ் பார்வையாளர்களுக்கு இது 1960 முதல் ஒளிபரப்பாகிவரும் 'கரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற தொடரைக் கிண்டல் செய்யும் கூத்து. கிறிஸ்துமஸ் காலத்தில் ஆண்கள் பெண்வேடம் கட்டி ஆடும் நாடகங்களைக் குழந்தையிலிருந்தே பார்த்தவர்களுக்கு அதில் திகைக்க ஏதுமில்லை. தொடரையும் அறியாத, அந்த நாடக மரபும் இல்லாத அமெரிக்காவில் கிண்டல் கழன்று விழுந்துவிட, பாவாடை மட்டும் எஞ்சியது. இசை வீடியோக்களுக்கான தொலைக்காட்சியான எம்டிவி அதை ஒளிபரப்ப மறுத்தது என்று குழுவினர் சொல்லிவந்துள்ளனர். பாட்டு அங்கே 45ஆம் இடத்தில் நின்றது.

வீடியோவே குயினை அமெரிக்காவில் வீழ்த்தியது என்ற இந்த விளக்கம் கேட்கச் சுவையானது, முற்றிலும் பொய்யுமன்று, ஆனால் போதாதது. இரண்டு ஆண்டுக்கு முன்பே ஆல்பம் 22ஆம் இடத்துக்குச் சரிந்திருந்ததை அது விளக்காது. பெண்வேடம் அணியும் ஆண்களை அதே எம்டிவி அதே ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டிருந்ததையும் அது விளக்காது. கல்ச்சர் கிளப் குழுவின் பாய் ஜார்ஜ் 1984இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றவர். உண்மையில் அமெரிக்கா பொறுக்காதது பெண்வேடத்தை அன்று. தங்கள் அணி வென்றால் பாடுவதற்கென்று வைத்திருந்த பாட்டுகளின் சொந்தக்காரர் பெண்வேடத்தில் வந்ததைத்தான் என்று கொள்வது பொருந்தும். இதில் இன்னொரு முரண், பாட்டை எழுதியவர் மெர்க்குரி அல்லர், குழுவிலேயே அமைதியான டீக்கன் என்பது. குழுவைப் பற்றிய 2018ஆம் ஆண்டு 'பொஹீமியன் ராப்சடி' திரைப்படம் இந்த வீடியோ விளக்கத்தைத் திரையில் காட்டிவிட்டதால், இனி அதை யாரும் அசைக்க முடியாது என்றே தோன்றுகிறது.

வராமல்போன பயணம்

சரிவைத் தடுத்திருக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது சுற்றுப்பயணம். முன்னர்க் கண்டபடி, ஊர் ஊராகப் பிடிக்க வேண்டிய நாட்டில் ஊருக்கு வராதவரைப் பற்றி வானொலி பேசாது. 'தி வொர்க்ஸ்' ஆல்பத்துக்கான 1984–85 பயணம் ஐரோப்பா, பிரேசில், ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று சுற்றியது. அமெரிக்கா அட்டவணையில் இல்லை. முன்பு நிரப்பிய பேரரங்குகளை விடச் சிறிய அரங்குகளில் போய்ப் பாட மெர்க்குரிக்கு விருப்பமில்லை என்பது மே தரும் விளக்கம். அது உண்மையானால், வழக்கில் மூன்றாவது கட்சி வென்றுவிடுகிறது.

விளைவுகள் இரு கரையிலும் வேறுவேறாக விளைந்தன. அமெரிக்காவுக்கு வெளியே குயின் இன்னும் பெருத்தது. 1981இலேயே பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்து மொரும்பி திடலில் ஒரே இரவில் 1,31,000 பேர் திரண்டிருந்தனர். 1985 ஜூலை 13 அன்று எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளியிலும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் நடந்த 'லைவ் எய்ட்' கச்சேரியில், வெம்ப்ளி மேடையில் குயினுக்குக் கிடைத்த இருபதுக்குச் சற்று மேற்பட்ட நிமிடங்கள் ராக் இசை வரலாற்றில் இன்றும் அளவுகோலாக எடுத்துக்காட்டப்படுகின்றன. அந்த மேடையை அமெரிக்க வீடுகளும் தொலைக்காட்சியில் பார்த்தன. ஆனால் அடுத்த ஆண்டு வந்த ஆல்பம் அங்கே 46ஆம் இடம். கண்ணால் பார்த்த பிறகும் கடைக்குப் போகாத ஒரு நாட்டை வீடியோவைக் காட்டி விளக்குவது கடினம். 1986இல் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் கண்ட 'மேஜிக்' சுற்றுப்பயணத்தின் இருபத்தாறு கச்சேரிகளும் ஐரோப்பாவுக்குள்ளேயே முடிந்தன என்பதைக் காட்டி விளக்குவது எளிது. அந்தப் பயணமே மெர்க்குரியின் கடைசிப் பயணமும் ஆயிற்று.

அமெரிக்கக் கரையிலோ, குழு இல்லாத இடத்தில் பாட்டுகள் தம்பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டன. 1990இல் வனிலா ஐஸ் என்ற வெள்ளையின ராப் பாடகர் வெளியிட்ட 'ஐஸ் ஐஸ் பேபி', அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் ராப் பாட்டு; அதன் முதுகெலும்பு குயினும் டேவிட் போவியும் 1981இல் சேர்ந்து பாடிய 'அண்டர் பிரஷர்' பாட்டின் பேஸ் ஓட்டம். மூலப்பாட்டு அமெரிக்காவில் 29ஆம் இடத்தைத் தாண்டியதில்லை. குயினை அமெரிக்கா மறந்துவிட்டதாகச் சொல்லப்படும் அதே ஆண்டுகளில் டீக்கனின் விரல் வழி வந்த ஏழு சுரங்கள் நாடெங்கும் ஒலித்தன, பெயரில்லாமல்.

பெட்டிச் செய்தி: கடலைத் தாண்டியவர்கள், தாண்டாதவர்கள்

1964 பிப்ரவரியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் தோன்றியபோது 7.3 கோடி அமெரிக்கர்கள் பார்த்தனர்.

பிரிட்டனில் 1970களில் ஆறு முறை முதலிடம் பெற்ற ஸ்லேட் குழு, அப்போது அமெரிக்காவில் கால் ஊன்றவே இல்லை.

ஓயசிஸ் 1996இல் நெப்வொர்த் திடலில் இரண்டு இரவுகளில் இரண்டரை லட்சம் பேருக்குப் பாடிய கையோடு அமெரிக்கா புறப்பட்டபோது, பாடகர் லியாம் கல்லகர் விமானம் ஏறவில்லை. 2025இல் மீண்டும் இணைந்து வந்தபோது பாசடீனாவின் ரோஸ் பௌல் திடலில் இரண்டு இரவுகள் பாடினர்.

லண்டனைச் சேர்ந்த புஷ் குழு எதிர்த்திசை உதாரணம்: 1990களில் அமெரிக்காவில் பல லட்சம் ஆல்பங்கள் விற்க, சொந்த நாட்டில் அதை ஏறெடுத்துப் பார்த்தவர் குறைவு.

காருக்குள் ஐந்து தலைகள்

தான் செத்தால்தான் அமெரிக்காவில் மறுபடி பெரிய ஆளாக முடியும்போலும் என்ற பொருளில் மெர்க்குரி ஒருமுறை கசப்பாகச் சொன்னதாக மே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் இறந்து மூன்று மாதம்கூட ஆகாத 1992 பிப்ரவரி 14 அன்று 'வேய்ன்ஸ் வேர்ல்டு' என்ற நகைச்சுவைப் படம் வெளியானது. இலினாய் மாநிலத்தின் ஒரு நகரத்து இளைஞர்கள் ஐவர், ஏஎம்சி பேஸர் என்ற அகலம் மிகுந்த சிறுகாருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, 'பொஹீமியன் ராப்சடி'யின் ஆப்பராப் பகுதியைக் குரல் பிரித்துப் பாடி, கிதார் வெடிக்கும் இடம் வந்ததும் ஐந்து தலைகளையும் ஒருசேர ஆட்டும் காட்சி அதில் வருகிறது. தயாரிப்புத் தரப்பு அப்போது புகழின் உச்சியில் இருந்த கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் பாட்டை வைக்க விரும்பியதையும் நடிகர் மைக் மையர்ஸ் குயின் பாட்டு இல்லையென்றால் தான் இல்லை என்று நின்றதையும் அவரே சொல்லியிருக்கிறார். மெர்க்குரி இறப்பதற்கு முன் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தார் என்பது மே தரும் தகவல்.

பாட்டு மறுபடி தரவரிசைக்குள் வந்து இரண்டாம் இடம்வரை ஏறியது, அதாவது முதல்முறை பிடித்த இடத்தைவிட ஏழு படி மேலே. இந்த மறுபிறப்பின் பலனை அறுவடை செய்ய ஒரு நிறுவனம் தற்செயலாக ஆயத்தமாக இருந்தது. டிஸ்னி தொடங்கிய ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ், வட அமெரிக்காவில் குயின் பாட்டுகளை வெளியிடும் உரிமையை 1990இல் சுமார் ஒரு கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்திகள் வந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன்பே மங்கிவிட்ட குழுவுக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் உண்டு. சந்தை செத்துக் கிடந்த நேரத்தில் வாங்கியதால்தான் அந்த விலை என்பது இன்று தெரிகிறது.

பெட்டிச் செய்தி: ஒரே பாட்டு, மூன்று தலைமுறை

'பொஹீமியன் ராப்சடி' அமெரிக்கத் தனிப்பாட்டுத் தரவரிசையில் எட்டிய உச்சங்கள்: 1976இல் 9, 1992இல் 2, 2018இல் 33. ஒரு கோடிப் பிரதிகளுக்கு இணையான விற்பனையைக் குறிக்கும் வைரச் சான்றிதழை 2021இல் அமெரிக்க இசைத்தட்டுச் சங்கம் அதற்கு வழங்கியது; ஒரு தனிப்பாட்டுக்காக அச்சான்றிதழ் பெற்ற முதல் பிரிட்டிஷ் குழு குயின்.

பாட்டின் சொந்தக்காரர் யார்

பாட்டு குழுவை விட்டு நடக்கத் தொடங்கினால் அது யார் வீட்டுக்கும் போகும். 2016 ஜூலையில் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடைக்கு டோனால்டு டிரம்ப் 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' முழங்க நடந்துவந்ததைக் குழு வெளிப்படையாகக் கண்டித்தது. சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்து, புரட்சிக்குப் பின் சான்சிபாரை விட்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஒருவர் எழுதிய பாட்டு அது. குடியேற்றத்துக்கு எதிரான முழக்கங்கள் உரக்க ஒலித்த மாநாட்டில் அதை ஒலிக்கவிட்டவர்களுக்கு இந்த வரலாறு தடையாகப் படவில்லை. பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாடியவரை வெளியே நிறுத்தும் பழக்கம் முப்பது ஆண்டுகளாக நடந்துவந்ததன் தொடர்ச்சி என்றே இதைக் கொள்ள வேண்டும்.

'வி வில் ராக் யூ' ஏன் இவ்வளவு எளிதாகக் கைமாறியது என்பதற்கு அதன் அமைப்பிலேயே விடை இருக்கிறது. பிரிட்டனின் ஸ்டாஃபர்டு நகரில் 1977இல் நடந்த கச்சேரியின் முடிவில் ரசிகர்கள் குழுவுக்காகத் திரும்பிப் பாடியதைக் கேட்ட மே, கூட்டத்தின் நெரிசலில் நின்றபடியே செய்யக்கூடியவை என்னென்ன என்று யோசித்து, மிதிப்பது, தட்டுவது, பாடுவது என்ற மூன்றைக் கொண்டு பாட்டைக் கட்டினார். பழைய தேவாலயக் கட்டடமான வெஸெக்ஸ் ஸ்டூடியோவில் கிடந்த பலகைகளை மிதித்து ஒலிப்பதிவு செய்து, இயற்பியல் படித்தவர் என்பதால், ஒவ்வோர் அடியும் பகா எண் விகிதங்களில் வெவ்வேறு தொலைவிலிருந்து வந்து சேர்வதுபோல் தாமதப்படுத்தி அடுக்கினார். எதிரொலி கேட்கக்கூடாது, நிறையப் பேர் நிற்பது மட்டும் கேட்க வேண்டும் என்பது நோக்கம். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, முடிவில்தான் கிதார். கலைஞர்கள் தேவைப்படாத பாட்டை ஒரு கலைஞர் எழுதிக் கொடுத்துவிட்டு, கலைஞர்களை ஏன் மறந்தார்கள் என்று கேட்பதில் ஓரளவு நியாயக் குறைவு உண்டு.

2018 நவம்பரில் வெளியான 'பொஹீமியன் ராப்சடி' திரைப்படம் பெயரையும் பாட்டையும் மீண்டும் ஒட்டவைத்தது. உலகெங்கும் 90 கோடி டாலருக்கு மேலும், அமெரிக்க வட்டாரத்தில் மட்டும் 21 கோடி டாலருக்கு மேலும் வசூலித்து, மெர்க்குரியாக நடித்த ராமி மாலிக்குக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வாங்கித் தந்தது. காருக்குள் இளைஞர்கள் தலையாட்டும் பாட்டாக இது ஒருநாளும் ஆகாது என்று நிராகரிக்கும் நிறுவன அதிகாரியாக அதில் மைக் மையர்ஸையே நடிக்கவைத்தது குறும்பு. வரலாற்றை அப்படம் தன் வசதிக்கு வளைத்ததாக மூத்த ரசிகர்கள் கொள்ளும் கோபம் நியாயமானது. ஆனால் புதிதாக வந்த பதினாறு வயது அமெரிக்க ரசிகருக்குக் குயினின் கதை 1985இல் வெம்ப்ளியில் முடிகிறது; தன் நாட்டில் அந்தக் குழு தோற்ற ஆண்டுகள் அவர் கண்ணில் படுவதே இல்லை. பணம் மட்டும் மறக்கவில்லை. சோனி நிறுவனம் 2024இல் குயினின் படைப்புரிமைகளை ஏறத்தாழ 100 கோடி பவுண்டுக்கு வாங்குவதாகச் செய்தி வந்தபோதும், வட அமெரிக்க ஒலிப்பதிவு உரிமை அதில் அடங்கவில்லை. அது டிஸ்னியிடமே இருக்கிறது. குயினின் பதிவுகளைப் பொறுத்தவரை அமெரிக்கா இன்றும் தனி நாடுதான்.

மீண்டும் ஃபோரம் அரங்கில்

படத்தின் அலையில் 2019 கோடையில் மேவும் டெய்லரும் வட அமெரிக்கப் பேரரங்குகளைச் சுற்றிவந்தனர். டீக்கன் ஓய்வு பெற்று இரண்டு பத்தாண்டுகள் ஆகியிருந்தன. பாடகர் ஆடம் லாம்பர்ட், 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் 2009இல் இரண்டாமிடம் பெற்றவர். இதைக் குயின் என்று அழைக்கலாமா என்பது ரசிகர்களுக்குள் ஓயாத கிளை வழக்கு. குழுவே 'குயின் + ஆடம் லாம்பர்ட்' என்று கூட்டல் குறி போட்டுத் தப்பித்துக்கொள்கிறது. அந்தப் பயணம் ஜூலையில் இங்கில்வுட் ஃபோரம் அரங்குக்கும் வந்தது. 1982 செப்டம்பரில் மெர்க்குரி அங்கிருந்து இறங்கிச் சென்றபோது, இண்டியானா மாநிலத்தில் பிறந்திருந்த லாம்பர்ட்டுக்கு எட்டு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை.

அந்தப் பயணத்தின் கச்சேரிகளில் இறுதிப் பகுதிக்கு முன் மேடை இருண்டு, பெருந்திரையில் மஞ்சள் மேலங்கி அணிந்த மெர்க்குரி தோன்றுவார். ஒரு சுரத்தை நீட்டிப் பாடி நிறுத்துவார். அரங்கு திருப்பிப் பாடும். இன்னும் உயர்த்துவார், அரங்கும் உயர்த்தும். அமெரிக்கக் கூட்டம் தொண்டை கிழியப் பதில் சொல்லும் அந்தக் காட்சி 1986ஆம் ஆண்டு வெம்ப்ளியில், அமெரிக்காவுக்கு வராமலே முடிந்த அந்தப் பயணத்தில், வேறொரு கூட்டத்தைப் பார்த்து அவர் பாடியபோது எடுக்கப்பட்டது.